அடங்கத் தெரிந்த தசை

முதுகுத் தண்டுவடம் கழுத்திலோ முதுகிலோ நசுங்கியதால் கால்கள் செயலிழந்த ஒருவரிடம், கால் தசைகளும் அவற்றுக்குச் செல்லும் நரம்புகளும் அந்நரம்புகள் புறப்படும் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியும் பெரும்பாலும் நேரடியாகக் காயம் படாமலே இருக்கின்றன. கெட்டுப்போனது மூளைக்கும் அந்தக் கீழ்ப்பகுதிக்கும் இடையிலான தொடர்பு. அதுவும் பல வேளைகளில் சில சென்டிமீட்டர் நீளமுள்ள ஓரிடத்தில் மட்டும். இளம்பிள்ளை வாதத்தில் தசையை இயக்கும் நரம்பணுக்களே அழிந்துவிடுவதால் தசை மெலிந்து துவண்டுவிடுகிறது. தண்டுவடக் காயத்திலோ, மேலிருந்து கட்டளை வராத நிலையிலும் அந்த நரம்பணுக்கள் உயிரோடு இருந்து, காலப்போக்கில் தம் விருப்பம்போல் இயங்கவும் தொடங்குகின்றன. மீட்சியை அளப்பதில் உள்ள சிக்கல்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன. ஏனெனில் கண்ணுக்குத் தெரியும் அசைவு இங்கே இரண்டு விதமாகவும் ஏமாற்றக்கூடியது: நோயாளியின் எண்ணம் சிறிதும் எட்டாத கால் திடீரென்று துள்ளலாம், அசைவே இல்லாத காலுக்குள் அவருடைய எண்ணம் மெல்லிய அளவில் வந்து சேர்ந்துகொண்டும் இருக்கலாம்.

தண்டுவடக் காயத்தின் கடுமையை மருத்துவ உலகம் இன்றும் விரல், ஊசி, பஞ்சு ஆகிய மூன்றைக் கொண்டே தரம் பிரிக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையிலிருந்து 1969இல் வெளிவந்த ஃபிராங்கெல் தரவரிசையை அடியொற்றி, அமெரிக்கத் தண்டுவடக் காயச் சங்கம் 1982இல் தன் அளவுகோலை வெளியிட்டது. பலமுறை திருத்தப்பட்ட அந்த அளவுகோலே இன்று உலகெங்கும் வழங்குகிறது. உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் பத்துத் தசைகளைச் சோதித்து, அசைவே இல்லையென்றால் 0 என்றும், தசை சுருங்குவது விரலுக்கோ கண்ணுக்கோ தட்டுப்பட்டும் மூட்டு அசையாவிட்டால் 1 என்றும், முழு வலு இருந்தால் 5 என்றும் மதிப்பெண் இடுகிறார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் 28 இடங்களில் ஊசி முனையாலும் பஞ்சாலும் தொட்டு உணர்வைப் பார்க்கிறார்கள். தண்டுவடத்தின் கடைக்கோடிப் பகுதி ஆளும் ஆசனவாயைச் சுற்றி உணர்வோ இயக்கமோ சற்றும் இல்லாதவர் ‘ஏ’ வகுப்பில், அதாவது முழுக்காயம் என்ற வகுப்பில், சேர்க்கப்படுகிறார். உணர்வு மட்டும் எஞ்சினால் ‘பி’. இயக்கமும் எஞ்சினால் அதன் அளவைப் பொறுத்து ‘சி’ அல்லது ‘டி’. குறையெல்லாம் நீங்கிவிட்டால் ‘ஈ’. எந்தக் கருவியும் வேண்டாத, எந்த ஊரிலும் செய்யக்கூடிய சோதனை என்பதால் இதன் பயனைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆயினும் விரலுக்குத் தட்டுப்படாத ஒன்று இல்லவே இல்லை என்று இது கொள்ளும் துணிபு, அளவையியல் நோக்கில் பலவீனமானது.

விரலுக்கு எட்டாததை மின்வாய் எட்டுகிறது. தண்டுவடத்தில் உள்ள ஓர் இயக்க நரம்பணு, தன் ஒற்றை இழையைப் பல கிளைகளாக்கி, தசையின் பல நார்களோடு இணைந்திருக்கிறது; ஒரு நரம்பணுவும் அதன் ஆளுகைக்குட்பட்ட நார்களும் சேர்ந்ததை இயக்க அலகு என்பர். நரம்பணு ஒருமுறை துடித்தால் அதன் நார்கள் அனைத்தும் ஒருசேரச் சுருங்க, அதனால் எழும் சிறு மின் அலையைப் பிடிக்க முடியும். எட்கர் ஏட்ரியனும் டெட்லெவ் பிராங்கும் 1929இல் ஊசிக்குள் கம்பி செருகிய மின்வாயைக் கொண்டு, உயிருள்ள மனிதத் தசையில் தனித்தனி இயக்க அலகுகளின் துடிப்பைப் பதிவுசெய்தபோது தசை மின்வரைவு என்ற இத்துறைக்கு உறுதியான அடித்தளம் அமைந்தது. இன்று தோலின்மேல் ஒட்டப்படும் மின்வாய்களே போதும். சில மைக்ரோவோல்ட் அளவுள்ள சலனத்தையும் அவை பெருக்கிக் காட்டுகின்றன. மூன்றோ நான்கோ இயக்க அலகுகள் மட்டும் விழித்திருக்கும் தசை, மருத்துவரின் விரலுக்கு 0 என்றே படும். திரையிலோ, நோயாளி முயலும்போது எழுந்து, முயற்சியை விடும்போது அடங்கும் முட்களாகத் தெரியும். முயற்சியோடு சேர்ந்து எழுவதைக் காட்டிலும், முயற்சி நின்றவுடன் அடங்குகிறதா என்பதே பதிவை வாசிக்கத் தெரிந்தவர் முதலில் கவனிப்பது.

தன்னிச்சையான முயற்சியை மட்டும் அளந்தால் போதாது. தண்டுவடத்தின் கீழ்ப்பகுதி தன்னளவில் எந்நிலையில் இருக்கிறது என்பதையும் அறிந்தாக வேண்டும். அதற்குப் பயன்படும் சோதனைகளுள் முதன்மையானது, ஜெர்மானிய உடலியல் அறிஞர் பால் ஹோஃப்மான் 1910இல் கண்டறிந்ததும், பின்னர் 1950இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணியாற்றிய மேக்லடரியும் மெக்டூகலும் அவர் பெயரின் முதலெழுத்தைச் சூட்டியதுமான எச்-அனிச்சைவினை ஆகும். முழங்காலின் பின்குழியில் ஓடும் நரம்பின்மேல் மின்வாயை வைத்து மென்மையான மின்னதிர்வு கொடுத்தால், கெண்டைக்கால் தசையிலிருந்து தண்டுவடத்துக்குச் செய்தி கொண்டுசெல்லும் தடித்த உணர்விழைகள் முதலில் தூண்டப்படுகின்றன. அச்செய்தி தண்டுவடத்துக்குள் ஏறி, அங்குள்ள இயக்க நரம்பணுக்களை எழுப்பி, மீண்டும் கீழே இறங்கித் தசையைச் சுருக்குகிறது; அச்சுருக்கத்தின் மின்பதிவே எச்-அலை. இந்தச் சுற்றுப் பயணத்துக்கு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 30 மில்லி நொடி பிடிக்கிறது. மின்னதிர்வைக் கூட்டினால், தண்டுவடத்தைச் சுற்றாமல் நரம்பிலிருந்து நேரே தசைக்குச் செல்லும் எம்-அலை, சில மில்லி நொடிகளிலேயே முன்னதாக வந்து நிற்கிறது. எம்-அலையின் உச்ச அளவு தசையின் முழுக் கொள்ளளவையும் காட்டுவதால், எச்-அலையை அதனால் வகுத்துப் பார்க்கும்போது, அந்தத் தசைக்குரிய நரம்பணுக்களில் எத்தனை பங்கு அனிச்சையாக எழுகின்றன என்பதற்கு ஒரு மதிப்பீடு கிடைக்கிறது. தோலின் தடிப்பும் கொழுப்பும் ஆளுக்கு ஆள் மாறுவதால் வரும் பிழையையும் இந்த வகுத்தல் பெரிதும் நீக்கிவிடுகிறது.

காயம் பட்ட உடனே, காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் ஊமையாகிவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மார்ஷல் ஹால் தண்டுவட அதிர்ச்சி என்று குறிப்பிட்ட இந்நிலையில் தசைகள் துவண்டு, தசைநாணைச் சுத்தியலால் தட்டினாலும் எதிர்வினை எழுவதில்லை. ஆயினும் எச்-அலை, பலரிடம் சில நாட்களுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. சுத்தியல் தட்டுக்குத் தசை பதில் சொல்லவோ வாரங்கள் ஆகலாம். அதன்பின் நிகழ்வதுதான் மீட்சி பற்றிய பொதுவான நம்பிக்கையைக் குலைப்பது. திரும்பி வந்த அனிச்சைவினை இயல்பான அளவில் நிற்பதில்லை. மாதங்கள் செல்லச் செல்லப் பெருகி, இயல்பைத் தாண்டி, தசை விறைப்பாகவும் துள்ளலாகவும் வெளிப்படுகிறது. காயம் பட்டுச் சில வாரங்களோ மாதங்களோ கழித்து, போர்வையை விலக்கும்போது கால் தானாக மடங்குவதையும் கணுக்கால் விடாமல் நடுங்குவதையும் காணும் குடும்பத்தார், காலுக்கு உயிர் வந்துவிட்டதென்று மகிழ்வது மறுவாழ்வு மையங்களில் அடிக்கடி நிகழ்வது.

இந்தப் பெருக்கத்தின் காரணம், தூண்டல் கூடியது என்பதைவிடத் தணிப்பு குறைந்தது என்பதே. நலமான ஒருவரின் நரம்பைச் சில நொடிகள் இடைவெளிவிட்டுத் தூண்டினால் எச்-அலை பெரிதாக எழும். நொடிக்கு ஒருமுறையோ அதைவிட விரைவாகவோ தூண்டினால், முந்தைய தூண்டலின் விளைவாகவே அது சிறுத்துப்போகும். நாட்பட்ட தண்டுவடக் காயத்தில் இந்தச் சிறுத்தல் மங்கிவிடுகிறது. தொடக்க வாரங்களில் ஓரளவு எஞ்சியிருக்கும் அத்திறன், மூளையின் தொடர்பும் தசையின் அன்றாடப் பயன்பாடும் இல்லாத மாதங்களில் தேய்கிறது. உயிரணு அளவிலும் இதற்கு விளக்கம் கிடைத்திருக்கிறது. நரம்பணுவிலிருந்து குளோரைடை வெளியேற்றும் கேசிசி2 என்ற புரதம், தண்டுவடம் அறுபட்ட எலிகளில் குறைந்துபோவதையும், அதனால் ‘நிறுத்து’ என்ற செய்தி வந்தாலும் நரம்பணு முன்போல் அடங்காமல் போவதையும் பிரான்சின் மார்செய் ஆய்வாளர்கள் 2010இல் காட்டினர். மூளைத்தண்டிலிருந்து இறங்கிவந்த செரோடோனின் நின்றுபோன பின், அதை ஏற்கும் வாயில்கள் அது வராமலே திறந்து கிடக்க, ஒரு சிறு தூண்டலுக்கே நரம்பணு நொடிக்கணக்கில் துடித்துக்கொண்டிருப்பதை, கனடாவின் எட்மண்டனில் டேவிட் பென்னட்டின் குழு எலிகளின் வால் தசைகளைக் கொண்டு நிறுவியது. ஆகவே காயத்துக்குப் பிந்திய தண்டுவடம், தலைமையாசிரியர் இல்லாத பள்ளியைப் போன்றது: முதலில் யாரும் பேசத் துணியாத அமைதி, பிறகு யாராலும் அடக்க முடியாத கூச்சல்.

மீட்சி எதில் தெரியும் என்ற கேள்விக்கு இங்கிருந்து ஓர் எதிர்பாராத விடை கிடைக்கிறது: அடங்குவதில் தெரியும். இதை முறையாகச் சோதித்துக் காட்டியவர் ஹூஸ்டனில் பணியாற்றிய மிலான் திமித்ரியேவிச். அவரும் ஆர்தர் ஷெர்வுட், பாரி மெக்கே ஆகியோரும், முழுக்காயம் என்று தரம் பிரிக்கப்பட்ட நோயாளிகளைப் படுக்க வைத்து, கால் தசைகள் பலவற்றில் ஒரே நேரத்தில் மின்வாய்களை ஒட்டி, மணிக்கணக்கில் பதிவெடுத்தனர். பற்களைக் கடித்துக் கைகளை இறுக்குவது போன்ற, காயத்துக்கு மேலே செய்யும் முயற்சி கீழே உள்ள தசையில் சலனம் எழுப்புகிறதா, தசைநாணில் அதிர்வுக் கருவியை வைத்தால் நீடித்த எதிர்வினை எழுகிறதா என்று பார்த்தபின், இன்னொன்றையும் கேட்டனர்: உள்ளங்காலைக் கீறும்போது கால் தானாக மடங்கிக்கொள்கிறது அல்லவா, அதை மனத்தால் தடுக்க முயலுங்கள். விரலைக்கூட அசைக்க முடியாத சிலர், அந்த மடக்கத்தின் மின்பதிவைத் தம் முயற்சியால் சிறுக்கச் செய்தனர். இயக்க இயலாத காலை அடக்க இயன்றது என்றால், மூளையிலிருந்து ஏதோ ஓர் இழை இன்னும் கீழே செல்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1992இல் இவர்கள் வெளியிட்ட ஆய்வில், முழுக்காயமுற்றவர்களாகக் கருதப்பட்டோரில் 80 விழுக்காட்டுக்கும் அதிகமானோரிடம் இத்தகைய தடயம் ஏதேனும் ஒன்று இருந்தது. இந்நிலைக்கு அவர்கள் ‘டிஸ்கம்ப்ளீட்’ என்ற புதுப் பெயரிட்டனர். இதே முடிவை வேறொரு பாதையில், இறந்தோரின் தண்டுவடங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து நோயியலாளர் பைரன் ககுலாஸும் அடைந்தார். வாழ்நாளெல்லாம் முழுக்காயமுற்றவராகக் கருதப்பட்ட பலரிடம், காயத்தைக் கடந்து செல்லும் நரம்பிழைகள் அறுபடாமல் இருப்பதை அவர் கண்டார்.

எஞ்சிய இழைகளை மேலிருந்தும் சோதிக்கலாம். ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கர் 1985இல் உருவாக்கிய காந்தத் தூண்டலில், தலைமேல் பிடித்த கம்பிச்சுருளில் ஒரு கணம் பாயும் மின்சாரம் காந்தப்புலத்தை எழுப்பி, மண்டையோட்டைத் துளைக்காமலே மூளைப் புறணியைத் தூண்டுகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசையில், நலமானவர்களிடம் ஏறத்தாழ 30 மில்லி நொடியில் அதன் எதிர்வினை எழுகிறது. தண்டுவடக் காயத்தில் இந்த அலை காணாமல் போகலாம், அல்லது தாமதித்துச் சிறியதாக வரலாம். நோயாளி தேறத் தேற அலை பெரிதாகி, தாமதமும் குறையும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பர். சூரிக்கின் பால்கிரிஸ்ட் மருத்துவமனையில் ஆர்மின் கர்ட், ஃபோல்கர் டீட்ஸ் முதலியோர் ஐரோப்பிய மையங்கள் பலவற்றின் பதிவுகளைச் சேர்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாகச் சொன்னது: முழுமையற்ற காயமுடையோர் நடக்கத் தொடங்கினர், அலையின் உயரமும் கூடியது, தாமதமோ குறையவில்லை. அறுந்த வழி சீராகிவிடவில்லை. எஞ்சியிருந்த வழிகளைக் கொண்டு மீதமுள்ள நரம்பு மண்டலம் வேலையைப் புதிதாகப் பகிர்ந்துகொண்டது. நடை திரும்பியது என்பதையும் நரம்பு திரும்பியது என்பதையும் ஒன்றாக எண்ணும் வழக்கம், செய்தித்தாள்களில் மட்டுமின்றி மருத்துவக் கட்டுரைகளிலும் இன்னும் மறையவில்லை.

அடங்குவதே மீட்சியின் ஒரு பாதி என்றால், அடங்குவதைப் பயிற்றுவிக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில் ஜொனதன் வோல்பா, 1980களின் தொடக்கத்தில் குரங்குகளைக் கொண்டு இக்கேள்வியில் இறங்கினார். அனிச்சைவினையின் அளவு குறிப்பிட்ட எல்லைக்குள் வந்தால் குரங்குக்குப் பரிசு. வாரக்கணக்கில் தொடர்ந்தபின், தண்டுவடத்தின் மிக எளிய சுற்றான இதையும் குரங்கு தன் வசப்படுத்தியது. அவரும் ஐகோ தாம்சனும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், முழுமையற்ற தண்டுவடக் காயத்தோடு தட்டுத்தடுமாறி நடந்த சிலர் திரையின் முன் நிற்க, ஒவ்வொரு மின்னதிர்வுக்கும் தம் கெண்டைக்கால் எச்-அலையின் உயரம் ஒரு பட்டையாக எழுவதைக் கண்டனர். பட்டை குறித்த கோட்டுக்குக் கீழே நின்றால் பச்சை, தாண்டினால் சிவப்பு. எப்படிக் குறைப்பது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர யாருக்கும் தெரியவும் தெரியாது. ஏறக்குறைய பத்து வாரங்களில் முப்பது அமர்வுகளுக்குப் பின், பங்கேற்றவர்களில் பெரும்பாலோரின் எச்-அலை சிறுத்தது. அலை சிறுத்தவர்களின் நடை வேகமும் கூடி, இருகால்களின் அடியும் முன்னைவிடச் சமமாயிற்று. ஒரு தசையின் அனிச்சைவினையைக் குறைத்ததால், நேரடியாகப் பயிற்சி பெறாத மற்றத் தசைகளின் ஒழுங்கும் மேம்பட்டது. இத்துறையின் ஆய்வுகளில் இதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. பொருத்திய கருவியால் எழுந்து நிற்கும் மனிதரின் படம் பெறும் வரவேற்பை, சிறுத்துப்போன ஓர் அலையின் படம் பெறுவதில்லை.

எழுந்து நிற்பதன் கதையிலும் மின்பதிவுக்கு முக்கிய இடமுண்டு. அமெரிக்காவின் லூயிவில்லில் சூசன் ஹார்க்கேமாவும் ரெஜி எட்கர்ட்டனும், கழுத்தடியில் காயம்பட்ட ஓர் இளைஞரின் இடுப்புத் தண்டுவடத்தின் உறைமேல் 16 மின்வாய்கள் கொண்ட பட்டையைப் பொருத்தி, 2011இல் வெளியிட்ட ஆய்வில், தூண்டல் இயங்கும்போது அவர் தாமே எழுந்து நின்றதையும், மாதங்கள் கழித்துக் காலை விரும்பியபடி அசைத்ததையும் அறிவித்தனர். கிளாடியா ஏஞ்சலியும் குழுவினரும் 2014இல் மேலும் மூவரைச் சேர்த்தனர். அவர்களுள் இருவர் ‘ஏ’ வகுப்பினர். நால்வராலுமே, தூண்டல் இருக்கும்போது, திரையில் ஏறி இறங்கும் கோட்டுக்கு ஏற்பத் தம் தசை முயற்சியைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. தூண்டலை நிறுத்தியபோது ஓசையற்றுக் கிடந்த பதிவு அது. விரலின் சோதனையைத் திருத்த வந்த மின்வாயும் சூழலுக்குக் கட்டுப்பட்டதே என்பதை இது உணர்த்துகிறது. தண்டுவடம் போதிய விழிப்பில் இல்லாதபோது எடுத்த பதிவில் ஒன்றும் தெரியாததால், வழி முற்றாக அடைபட்டுவிட்டது என்று முடிவுகட்ட இயலாது.

பதிவின் நிலையின்மைக்கு வேறு காரணங்களும் உண்டு. நோயாளி படுத்திருக்கிறாரா அமர்ந்திருக்கிறாரா, தலை எப்பக்கம் திரும்பியிருக்கிறது, அறை குளிர்ந்திருக்கிறதா, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, காலையில் விறைப்புக்கான மாத்திரை உட்கொண்டாரா என்பவையெல்லாம் எச்-அலையையும் விறைப்பையும் மாற்றக்கூடியவை. சுவரில் ஓடும் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல், தோலைச் சரியாகத் துடைக்காத மின்வாயின் வழியே புகுந்து, தசையின் குரல்போல் நடிக்கும். ஆகவே ஒரு நாளில் எடுத்த ஒரு பதிவுக்கு மதிப்புக் குறைவு; ஒரே நிலையில், ஒரே நேரத்தில், ஒரே முறையில் மாதந்தோறும் எடுத்த வரிசைக்கே மதிப்பு.

தசை தேறுவது மட்டுமே மீட்சியாகிவிடாது என்பதற்குச் சான்று வேலூரில் உண்டு. 1954இல் சாலை விபத்தில் தண்டுவடம் அறுபட்ட மருத்துவர் மேரி வர்கீஸின் கால்கள் பின்னர் எழவேயில்லை. அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், 1966இல் அங்கே தொடங்கிய மறுவாழ்வு நிலையத்தை வழிநடத்தினார். அவருடைய கெண்டைக்கால் பதிவு எதைக் காட்டியிருந்தாலும் அவர் செய்த பணியை அது அளந்திருக்காது. ஆனால் இந்த உண்மையைக் காட்டி, அளவீடே தேவையில்லை என்று வாதிடுவது தவறு. எஞ்சிய வழி ஒருவரிடம் உண்டா என்பதை அறிந்தால்தான், எந்தப் பயிற்சியும் எந்தத் தூண்டலும் அவருக்குப் பயன்படும் என்பதைத் தீர்மானிக்க முடியும். உலகெங்கும் வழங்கும் அந்த அளவுகோல் 2019இல் கடைசியாகப் பெரிய அளவில் திருத்தப்பட்டபோதும், ‘ஏ’ என்ற எழுத்தை இடுவதற்கு விரலும் ஊசியும் பஞ்சும் மட்டுமே கேட்கப்பட்டன. தசையின் மின்பதிவுக்கு அதில் இடமில்லை. திமித்ரியேவிச்சின் சான்றுகள் வெளிவந்து மூன்று பத்தாண்டுகளுக்கு மேலான பின்பும் இந்த விடுபாடு நீடிப்பது, எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாத குறை.